விமர்சிக்கலாம், சிறுமைப்படுத்தலாமா?

2021ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள். தோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணி நீச்சலின் தகுதிச்சுற்று நடைபெற்றது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ரியோ நகரில் 50.39 விநாடியில் நீந்திச் சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றுத் தந்த ஜோசப் ஸ்கூலிங், இம்முறை 53.12 விநாடி எடுத்துக்கொண்டார். தம் பிரிவில் இறுதியாக வந்த அவர், அரையிறுதிக்குத் தகுதி பெறவில்லை. விரைவில் சமூக ஊடகங்களில் கருத்துகள் குவிந்தன. பலர் ஆறுதல் கூறினர். ஏளனம் செய்தவர்களும் இருந்தனர்.

இத்தகைய வேளையில் விளையாட்டுச் செய்தியாளர் என்ன செய்ய வேண்டும்? தோல்வியை மறைப்பது அவர் பணியன்று. நடந்ததைச் சொல்லவும் காரணத்தை ஆராயவும் அவருக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. ஆனால், எதை, எப்படிச் சொல்கிறார் என்பதே முக்கியம். பின்வரும் மூன்று வாக்கியங்களை ஒரு செய்தியாளர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

‘அவர் ரியோவில் எடுத்ததைவிட 2.73 விநாடி கூடுதலாக எடுத்தார்.’
‘அவரது பயிற்சித் திட்டத்தை மறுஆய்வு செய்ய வேண்டும்.’
‘அவருக்கு உழைக்க மனமில்லை.’

முதல் வாக்கியம் தகவல், எவரும் சரிபார்க்கலாம். இரண்டாவது கருத்து, அதற்குச் செய்தியாளர் காரணம் காட்டலாம், மற்றவர் மறுக்கலாம். மூன்றாவது, ஒருவரது மனத்தைப் பற்றிய தீர்ப்பு. அதை நிறுவச் சான்று இல்லை. முதல் இரண்டும் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகின்றன. மூன்றாவது ஆளைத் தாக்குகிறது.

இந்த வேறுபாடு சமூக ஊடகத்தில் எளிதில் மறைந்துவிடுகிறது. நாளிதழுக்கு எழுதும் கட்டுரையைப் பொதுவாக ஆசிரியர் ஒருவர் படித்துத் திருத்துவார். கைப்பேசியில் எழுதும் பதிவுக்கும் வாசகருக்கும் இடையே அப்படி யாரும் இல்லை. மேலும், நீண்ட விளக்கத்தில் உள்ள ஒரே ஒரு கூர்மையான சொல்லை மட்டும் பிறர் பிரித்தெடுத்துப் பகிர்கின்றனர். சொல் பறக்கிறது, அதன் காரணம் பின்தங்கிவிடுகிறது.

2019ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் கிரிக்கெட் போட்டியின்போது இதுதான் நடந்தது. இந்திய அணியின் முன்னாள் ஆட்டக்காரரும் வர்ணனையாளருமான சஞ்சய் மஞ்ச்ரேக்கர், ரவீந்திர ஜடேஜாவை அணியில் சேர்ப்பது பற்றித் தம் கருத்தைக் கூறினார். ஒருநாள் ஆட்டத்தில் முழுமையான பந்தடிப்பாளர் ஒருவரையோ சுழற்பந்து வீச்சாளர் ஒருவரையோதான் தாம் தேர்ந்தெடுக்க விரும்புவதாக அவர் விளக்கினார். அது விவாதிக்கத்தக்க கருத்து. ஆனால், ஜடேஜாவை ‘அதில் கொஞ்சம், இதில் கொஞ்சம் ஆடுபவர்’ எனப் பொருள்படும் தொடராலும் அவர் குறிப்பிட்டார். விளக்கத்தைவிட அந்தத் தொடரே எங்கும் பரவியது.

ஜடேஜா டுவிட்டரில் கடுமையாகப் பதிலளித்தார். மஞ்ச்ரேக்கரைவிட இரு மடங்கு ஆட்டங்களில் தாம் ஆடியிருப்பதாகவும், சாதித்தவர்களை மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும் அவர் எழுதினார். அப்பதிலிலும் சுடுசொல் இருந்தது. சொல்லுக்குச் சொல் சூடேற, யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற பயனுள்ள விவாதம் காணாமற்போனது.

சில நாள்களில் மான்செஸ்டரில் நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதி ஆட்டம் நடைபெற்றது. 240 ஓட்டங்களை எட்ட வேண்டிய இந்தியா, 92 ஓட்டங்களுக்குள் ஆறு விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தது. அப்போது களமிறங்கிய ஜடேஜா, 59 பந்துகளில் 77 ஓட்டங்கள் குவித்தார். இந்தியா 18 ஓட்டங்களில் தோற்றாலும், அவரது ஆட்டம் அனைவரையும் கவர்ந்தது. தம் கணிப்பை ஜடேஜா பொய்யாக்கிவிட்டதை மஞ்ச்ரேக்கர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

2022ஆம் ஆண்டு துபாயில் நடந்த ஆசியக் கிண்ண ஆட்டத்திற்குப் பின் இருவரும் நேருக்கு நேர் சந்தித்தனர். தம்முடன் பேசச் சம்மதமா என்று மஞ்ச்ரேக்கர் கேட்டார். தமக்கு எந்தத் தயக்கமும் இல்லை என்று ஜடேஜா சிரித்தபடி பதிலளித்தார். ஒரு தொடரால் விழுந்த விரிசலைப் பற்றி மூன்று ஆண்டுகள் கழித்தும் கேட்க வேண்டியிருந்தது.

மஞ்ச்ரேக்கரின் கணிப்பு தவறியதை இங்குப் பெரிய குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. விளையாட்டில் எவருடைய கணிப்பும் தவறலாம். கருத்துக்குக் காரணம் வேண்டும். காரணத்தை விழுங்கிவிடும் பட்டப்பெயர் வேண்டியதில்லை. ஆட்டக்காரர் நன்றாக ஆடியபின் அதை மனமாரச் சொல்வதும் செய்தியாளரின் கடமையே.

பொறுப்புள்ள செய்தியாளர் பதிவிடுமுன் சிலவற்றை எண்ணிப் பார்ப்பார். தகவலைச் சரிபார்த்தாயிற்றா? ஆட்டக்காரருக்குக் காயம் ஏதும் உண்டா? அவர் தரப்பைக் கேட்டாயிற்றா? அவரது இனம், உடல்தோற்றம், குடும்பம் ஆகியவை தேவையின்றி இழுக்கப்பட்டுள்ளனவா? இதே சொற்களை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? பதிவில் பிழை நேர்ந்தால், சத்தமின்றி அழித்துவிடாமல் திருத்தத்தை வெளிப்படையாக அறிவிப்பார். சொந்தக் கணக்கில் எழுதினாலும் வாசகர்கள் அவரைச் செய்தியாளராகவே பார்க்கின்றனர் என்பதையும் அவர் மறக்கமாட்டார்.

பள்ளி அணி தோற்ற நாளில் வகுப்பு நண்பர்களின் புலனக் குழுவில் எழுதும் மாணவருக்கும் இது பொருந்தும். தோற்றவர் மறுநாள் அதே வகுப்பில்தான் அமர்ந்திருப்பார்.

சொற்பொருள்
ஏளனம் – கேலி
நிறுவுதல் – சான்றுடன் மெய்ப்பித்தல்
விரிசல் – பிளவு. இங்கு உறவில் ஏற்பட்ட இடைவெளி

கருத்துணர் கேள்விகள்
1. தகவல், கருத்து, ஆளைப் பற்றிய தீர்ப்பு ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாட்டை விளக்குக.
2. ‘சொல் பறக்கிறது, அதன் காரணம் பின்தங்கிவிடுகிறது’ என்பதை 2019ஆம் ஆண்டு நிகழ்வுடன் பொருத்திக் காட்டுக.
3. ஜடேஜாவின் பதில் ஏற்புடையதா? காரணத்துடன் எழுதுக.
4. உம் பள்ளி அணி அண்மையில் ஆடிய ஆட்டம் ஒன்றைப் பற்றி, குறையையும் நிறையையும் சுட்டி, 50 சொற்களில் ஒரு பதிவு எழுதுக.