பேச்சு சிகிச்சை: என்ன எதிர்பார்க்கலாம்?



"ஆலோசனை அறைக்கென்று தனியாகப் பணம் எதற்கு? ஜெபம் போதாதா?" என்று ஆதரவாளர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எலியா சூரைச்செடியின் கீழ் சாவை விரும்பிப் படுத்திருந்தபோது (1 இராஜாக்கள் 19) தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் நித்திரை, பின்பு அடையும் தண்ணீரும். ஓரேபுக்குப் போன பின்புதான் கேள்வி. அதுவும் ஒரே கேள்வி இரண்டு தரம். எலியா தன் பாரத்தை இருமுறையும் சொல்லி முடித்தார். அதற்குப் பின்பே அடுத்த வேலை கொடுக்கப்பட்டது.

குறுகிய காலப் பேச்சு சிகிச்சையும் ஏறக்குறைய இந்த ஒழுங்கில்தான் நடக்கிறது. பெரும்பாலும் வாரம் ஒரு முறை, அரை மணி முதல் ஒரு மணி நேரம். ஆறு முதல் இருபது தடவை வரை. முதல் நாளில் தூக்கம், பசி, சாக வேண்டுமென்ற எண்ணம் ஆகியவற்றை நேராகவே கேட்பார்கள். (கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பயப்பட வேண்டாம்.) இருவரும் சேர்ந்து ஒன்றிரண்டு குறிக்கோள்களைத் தீர்மானிப்பார்கள். பிரசங்கம் கிடையாது, போதகர்களாகிய எங்களுக்கு இதுதான் கடினம்! வீட்டுப்பாடம் உண்டு. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அக்கா வீட்டுக்குப் போய்வருவது என்று சோர்வில் விட்டுப்போன சிறு காரியங்களை நாள் குறித்து மறுபடியும் செய்ய வேண்டும். மனம் வரட்டும் என்று காத்திராமல், செய்யச்செய்ய மனம் வரும் என்பதே இதன் அடிப்படை.

கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடும் மனச்சோர்வுள்ளவர்களுக்கு இப்படி ஆறு முதல் எட்டு தடவை சிகிச்சை தரப்பட்டது. தந்தவர்கள் மருத்துவர்களல்ல, பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். மூன்று மாதத்தில் நூற்றுக்கு 64 பேர் சோர்விலிருந்து விடுபட்டார்கள்; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 பேர். 2017இல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளியாயிற்று.

ஆரம்பத்தில் அழுகை கூடலாம். பல வருட துக்கம் முழுவதும் நீங்கிவிடாது. நாலைந்து வாரம் கழிந்தும் மாற்றமில்லையென்றால் டாக்டர் மறுபடியும் பார்க்க வேண்டும். காதில் குரல்கள் கேட்கிற நோயாளிக்கு முதல் தேவை மருந்தே. மாத்திரை அவிசுவாசம் என்று சொல்லி நிறுத்தச்செய்கிறவர்கள் பெரும் தீங்கு செய்கிறார்கள்.

அறையில் பேசியதைக் கணவருக்கும் சொல்லமாட்டார்கள், போதகருக்கும் சொல்லமாட்டார்கள். உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழ்நிலைகளே விலக்கு. ஆகையால் "சுகமானவர்களின் சாட்சியை அச்சிடுங்கள்" என்று நீங்கள் கேட்டாலும் இந்தப் பக்கத்தில் பெயரோ படமோ வராது.

உங்கள் சபையில் ஒருவர் தவித்தால், 2022இல் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக, தமிழிலேயே அழைக்கலாம். ஆஸ்பத்திரிக்கு வருவதானால் முதல் நாள் துணைக்கு வாருங்கள். உள்ளே வர வேண்டியதில்லை. வெளியே பெஞ்சில் காத்திருந்தால் போதும்.