வானொலி இரைகிறதே, குற்றம் யார்மீது?



"வானொலியா? ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். நடுநடுவே விளம்பரம். போதாததற்கு இரைச்சல் வேறு!"

எஃப்எம் எனப்படும் பண்பலை வானொலியைப் பற்றிக் கேட்டால் உங்களில் பலர் இப்படித்தான் சொல்வீர்கள். கையோடு ஒரு தீர்வும் வரும்: "எல்லாவற்றையும் மின்னிலக்கமாக்கிவிட்டால் சரியாகிவிடும்."

சரியாகிவிடுமா? ஒரு குறையைக் கேட்டவுடன் அதைப் பிரித்துப் பார்ப்பது அறிவியல் மாணவரின் முதல் வேலை. மேலே மூன்று குறைகள் இருக்கின்றன. இரைச்சல் இயற்பியலைச் சேர்ந்தது. விளம்பரம் பணத்தைச் சேர்ந்தது. ஒரே பாட்டு என்ற குறையில் இரண்டும் கலந்திருக்கின்றன. தலைவலி மாத்திரை பல்வலிக்கும் உதவலாம்; ஆனால் சொத்தைப் பல்லை அது சரிசெய்யாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

பழைய வானொலி, ஒலிக்கு ஏற்ப அலையின் வீச்சைக் கூட்டிக் குறைத்து அனுப்பியது. மின்னலும் மின்மோட்டாரும் கெடுப்பது பெரும்பாலும் இந்த வீச்சைத்தான். அதனால் கரகரப்பு அதிகம். அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் வேறு வழி கண்டார். வீச்சை மாற்றாமல் அலையின் அதிர்வெண்ணை மட்டும் ஒலிக்கு ஏற்ப மாற்றினார். வீச்சில் வரும் மேடுபள்ளங்களை வானொலிப் பெட்டியே வெட்டித் தள்ளிவிடும். 1933ஆம் ஆண்டு அவர் காப்புரிமை பெற்ற இந்த முறைதான் பண்பலை.

பிறகும் ஏன் இரைகிறது? முக்கியமான காரணங்கள் இரண்டு.

முதலாவது, எதிரொலிப்பு. 96.8 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளத்தைக் கணக்கிடுங்கள். ஒளியின் வேகம் விநாடிக்கு 30 கோடி மீட்டர். அதை 9 கோடியே 68 லட்சத்தால் வகுத்தால் ஏறத்தாழ 3.1 மீட்டர். இந்த அலை வீவக அடுக்குமாடிகளில் பட்டுத் திரும்பும். நேராக வந்த அலையின் முகடும் திரும்பி வந்த அலையின் பள்ளமும் ஓரிடத்தில் சந்தித்தால் ஒன்றையொன்று அழிக்கும். போக்குவரத்து விளக்கில் கார் நிற்கும்போது பாட்டு கரகரத்து, கார் ஒரு மீட்டர் நகர்ந்ததும் தெளிவாவது இதனால்தான்.

இரண்டாவது, ஸ்டீரியோ. இடப்பக்க ஒலிக்கும் வலப்பக்க ஒலிக்கும் உள்ள வேறுபாட்டை நிலையங்கள் 38 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் ஏற்றி அனுப்புகின்றன. பண்பலையில் அதிர்வெண் உயர உயர இரைச்சலும் கூடும். ஆகவே சமிக்ஞை பலவீனமானால் முதலில் அடிபடுவது அந்த வேறுபாட்டுப் பகுதிதான். உங்கள் பெட்டியில் 'மோனோ' பொத்தான் இருந்தால் அழுத்திப் பாருங்கள். இரைச்சல் கணிசமாகக் குறையும்.

ஒரே பாட்டு ஏன்?

பண்பலைக்கு ஒதுக்கப்பட்ட இடம் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. மொத்தம் 20.5 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரே ஊரில் இரு நிலையங்கள் ஒட்டி உட்கார்ந்தால் ஒன்றின் ஒலி மற்றதில் கலந்துவிடும். சிங்கப்பூரில் 96.3, 96.8, 97.2 என்று இடைவெளி விட்டிருப்பதைக் கவனியுங்கள். மேலும், அலைகள் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நிற்பதில்லை. ஜொகூர் நிலையங்களும் பாத்தாம் நிலையங்களும் இதே இடத்தைத்தான் பகிர்ந்துகொள்கின்றன.

எனவே ஒவ்வோர் அலைவரிசையும் நகர நடுவில் இருக்கும் நிலம் மாதிரி. சிங்கப்பூர்ப் பண்பலையில் முழுநேரத் தமிழ் நிலையம் ஒலி 96.8 ஒன்றுதான். பழைய பாடல் கேட்கும் பாட்டிக்கும், செய்திக்குக் காத்திருக்கும் டாக்சி ஓட்டுநருக்கும், நேற்று வெளியான பாடலைத் தேடும் உங்களுக்கும் அந்த ஓர் அலைவரிசைதான். எந்த மணி நேரத்தை எடுத்தாலும் யாராவது ஒருவருக்குக் குறை இருக்கத்தான் செய்யும்.

வணிக நிலையங்களுக்கு இன்னொரு நெருக்கடி. அவற்றின் வருமானம் விளம்பரம். கேட்போர் எண்ணிக்கையைப் பொறுத்தே விளம்பரத்தின் விலை. தெரியாத பாட்டு ஒலித்தால் கேட்பவரின் விரல் அடுத்த நிலையத்துக்குத் தாவிவிடுமோ என்ற பயம். அதனால் எல்லாருக்கும் தெரிந்த பாட்டே திரும்ப வருகிறது. இடப்பற்றாக்குறை இயற்பியல், பயம் வணிகம். இரண்டும் சேர்ந்ததுதான் உங்கள் சலிப்பு.

மின்னிலக்க வானொலி எதைத் தீர்க்கும்?

டிஏபி எனப்படும் மின்னிலக்க ஒலிபரப்பு, ஒலியை எண்களாக மாற்றிச் சுருக்குகிறது. வழியில் சில எண்கள் கெட்டாலும் மீட்டெடுக்கும்படி கூடுதல் எண்களையும் சேர்க்கிறது. பிறகு எல்லாவற்றையும் 1,536 சிற்றலைகளில் பங்கிட்டு அனுப்புகிறது. ஒவ்வொரு துணுக்குத் தகவலுக்கும் முன்னால் 246 மைக்ரோவிநாடி காப்பு நேரம் உண்டு. அந்த நேரத்தில் அலை ஏறத்தாழ 74 கிலோமீட்டர் பயணம் செய்துவிடும். பக்கத்துக் கட்டடத்தில் பட்டு, சில நூறு மீட்டர் சுற்றி வரும் அலை இதற்கு ஒரு பொருட்டே அல்ல. எதிரொலிப்பால் வந்த குறை தீர்ந்தது.

இடப்பற்றாக்குறை? டிஏபி தொகுதி ஒன்றின் அகலம் ஏறத்தாழ 1.5 மெகாஹெர்ட்ஸ். புதிய டிஏபி+ முறையில் வழக்கமான அமைப்பில் அது விநாடிக்கு 1,152 கிலோபிட் தகவலைச் சுமக்கும். ஒரு நிலையத்துக்கு 64 கிலோபிட் கொடுத்தால் 18 நிலையங்கள்! ஒரே ஊரில் அதே அகலத்தில் பண்பலை நிலையங்களை வைத்தால் மூன்று, நான்குக்கு மேல் தேறாது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. பண்பலை மெல்ல மெல்ல மங்கும். இரைச்சலுக்கு நடுவிலும் செய்தி காதில் விழும். மின்னிலக்க ஒலி கடைசிவரை தெளிவாக இருந்து, எல்லையைத் தாண்டியதும் விட்டுவிட்டுக் கேட்டு அப்படியே நின்றுபோகும். விளம்பரம் மட்டும் இரண்டிலும் உண்டு. சம்பளம் யார் கொடுப்பது என்ற கேள்விக்கு எண்களில் பதில் இல்லை.

நார்வே 2017ஆம் ஆண்டு தன் தேசிய நிலையங்களைப் பண்பலையிலிருந்து டிஏபிக்கு மாற்றியது. பண்பலையில் 5 தேசிய நிலையங்களுக்கே இடமிருந்த நாட்டில் 20க்கும் மேற்பட்ட நிலையங்கள் கிடைத்தன. பழைய கார் வானொலிகளோ அந்த நிலையங்களைப் பொறுத்தவரை ஊமையாயின. சிங்கப்பூரும் முன்பே முயன்றது. 1999ஆம் ஆண்டு இங்கு தொடங்கிய டிஏபி சேவை 2011ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. அதைக் கேட்கப் புதிய பெட்டி வாங்க வேண்டும். 2011க்குள் பலர் கையில் திறன்பேசி வந்துவிட்டது.

இணையம் இருக்கிறதே!

ஆம், இருக்கிறது. அலைவரிசைக்குக் காத்திருக்க வேண்டாம். யாழ்ப்பாணம், சென்னை, கோலாலம்பூர் நிலையங்களையும் கேட்கலாம். நீங்களே தமிழில் வலையொலி தொடங்கலாம். ஒரே ஓர் அலைவரிசை கொண்ட ஒரு மொழிக்கு இது சிறிய வாய்ப்பன்று.

விலையையும் கணக்கிடுவோம். விநாடிக்கு 64 கிலோபிட் என்றால் மணிக்கு 28.8 மெகாபைட். நாளுக்கு 2 மணி நேரம் கேட்டால் 30 நாளில் ஏறத்தாழ 1.7 கிகாபைட் தரவு. பண்பலையில் அது சுழியம்.

இன்னொரு கணக்கு. பண்பலை ஒலிபரப்பை ஒருவர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் கோபுரத்துக்கு ஒரே வேலைதான். இணையத்திலோ வழக்கமாக ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி போக வேண்டும். ஒரு லட்சம் பேருக்கு விநாடிக்கு 6.4 கிகாபிட்! நெருக்கடி நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் நாடினால் வலையமைப்பு திணறக்கூடும். பிப்ரவரி 15, முழுமைத் தற்காப்பு தினத்தன்று மாலை 6.20 மணிக்கு ஒலிக்கும் 'முக்கிய அறிவிப்பு' சைரன் உங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டால் உள்ளூர் வானொலியைத் திருப்பச் சொல்கிறார்கள். மின்கலத்தில் ஓடும் சிறிய பண்பலைப் பெட்டிக்கு மின்தடையும் தெரியாது, தரவுத் தீர்வும் தெரியாது.

சலிப்பு? நீங்கள் ஏற்கெனவே ரசித்ததைப் பார்த்துப் பாட்டைப் பரிந்துரைக்கும் செயலியும் சில நாளில் அதே வட்டத்தில்தான் சுற்றும். விளம்பரம் வேண்டாமென்றால் மாதச் சந்தா கேட்கும்.

ஆகவே "பண்பலை பழசு, மூடிவிடலாம்" என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் குறை தீரும்? எந்தக் குறை புதிதாக வரும்? தரவுக்குப் பணமில்லாதவரும் திறன்பேசி பழகாத பாட்டியும் எதைக் கேட்பார்கள்? மூன்றாவது கேள்விக்கு இயற்பியல் மட்டும் பதில் சொல்லாது. ஆனால் இயற்பியல் தெரியாமலும் பதில் சொல்ல முடியாது.

செய்து பாருங்கள்

1. சிறிய வானொலிப் பெட்டியில் மங்கலாகக் கேட்கும் ஒரு நிலையத்தைப் பிடியுங்கள். பெட்டியை 20 செண்டிமீட்டர் வீதம் ஒரே நேர்க்கோட்டில் நகர்த்தி, தெளிவு, இரைச்சல் என்று குறித்துக்கொள்ளுங்கள். தெளிவான இடத்துக்கும் மோசமான இடத்துக்கும் உள்ள தூரம் அலைநீளத்தின் நான்கில் ஒரு பங்குக்கு, அதாவது ஏறத்தாழ 80 செண்டிமீட்டருக்கு, அருகில் வருகிறதா? வராவிட்டால் ஏன் என்று யோசியுங்கள். வீட்டில் எத்தனைச் சுவர்கள் அலையைத் திருப்பி அனுப்புகின்றன?

2. ஒரே நிலையத்தைப் பண்பலையிலும் இணையத்திலும் ஒரே நேரத்தில் ஒலிக்க விடுங்கள். இணைய ஒலி எத்தனை விநாடி பின்தங்குகிறது? நிறுத்தற்கடிகாரத்தால் ஐந்து முறை அளந்து சராசரி காணுங்கள். அந்த விநாடிகளில் ஒலி எங்கே காத்திருந்தது என்பதை வகுப்பில் விவாதியுங்கள்.