பொதுப் பந்தி

பயணம் சென்று திரும்பியவர், தாம் கண்ட ஊர்களைப் பற்றிப் பேசும்போது, ஆங்காங்கே தாம் உண்ட உணவையும் மறவாது கூறுவர். கும்பகோணத்தில் பருகிய காப்பியையும், மதுரையில் ஆவி பறக்க இலையில் வந்த இட்டலியையும், திண்டுக்கல்லில் உண்ட பிரியாணியையும் பல்லாண்டு கழித்தும் நினைவுகூர்வோர் உளர். நாவின் சுவை மட்டுமே இந்நினைவுக்குக் காரணம் அன்று. முன்பின் அறியாத ஊரில், முன்பின் அறியாத ஒருவர், "வாருங்கள், அமருங்கள்" என்று இருக்கை காட்டி இலையிட்டதும் காரணமாகும். பசித்து வந்தவருக்குச் சோறு எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை அவ்வரவேற்பு. அஃது எல்லார்க்கும் உரியதான வரலாறு நாம் அறியத்தக்கது.

வழிப்போக்கருக்கு உணவளித்தல் பண்டைத் தமிழகத்தில் அறமாகப் போற்றப்பட்டது. காவிரிப்பூம்பட்டினத்து அறச்சாலைகளில் சோறு வடித்த கஞ்சி, தெருவில் ஆறுபோல் பரந்து ஓடியது என்று பட்டினப்பாலை கூறுகிறது. பிற்காலத்தில் தஞ்சை மராட்டிய மன்னர்கள், இராமேசுவரம் செல்லும் பெருவழியில் சத்திரங்கள் பலவற்றை அமைத்தனர். ஒரத்தநாட்டில் உள்ள முத்தம்மாள் சத்திரம் இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் எழுந்ததாகும். ஆயினும், சத்திரங்கள் பலவற்றில் சாதிக்கு ஒரு பந்தி என்னும் வழக்கம் இருந்தது. இராமலிங்க அடிகளார் 1867ஆம் ஆண்டில் வடலூரில் நிறுவிய சத்திய தருமச்சாலையோ, சாதியும் சமயமும் வினவாது பசித்தவர் யாவர்க்கும் சோறிட்டது. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் அங்கே எரிந்து வருகிறது.

அறச்சாலையில் உண்பவர் கொடையைப் பெறுகின்றார்; ஓட்டலில் உண்பவரோ விலை கொடுக்கின்றார். விலைக்கு உணவு விற்கும் கடைகள் பழங்காலந்தொட்டே பல நாடுகளில் இருந்தன. எனினும், இன்று நாம் காணும் முறையில் அமைந்த உணவு விடுதி, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசு மாநகரில் தோன்றியது. 'ரெஸ்டாரண்ட்' என்னும் சொல், சோர்ந்த உடலுக்கு வலிவூட்டும் ஒருவகைச் சாற்றையே முதலில் குறித்தது. நாளடைவில், அச்சாற்றை விற்ற கடைக்கும் அதுவே பெயராயிற்று. அதற்கு முன்னர், பயணிகள் விடுதிகளில் குறித்த நேரத்தில், ஒரே நீண்ட மேசையில் வைத்ததை உண்டு எழவேண்டும். புதிய விடுதியிலோ, விரும்பிய நேரத்தில் வந்து, தனி மேசையில் அமர்ந்து, விலைப்பட்டியலைப் பார்த்து வேண்டியதைக் கேட்கலாம். 1789ஆம் ஆண்டில் எழுந்த பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், பிரபுக்களின் மாளிகைகளில் வேலை இழந்த சமையற்கலைஞர் சிலர் தாமே விடுதிகள் திறந்தனர். பிரபுக்களுக்கே உரியதாயிருந்த உணவு, விலை கொடுக்கும் எவர்க்கும் கிடைப்பதாயிற்று.

காசு கொடுத்தவர் எவராயினும் அவருக்கு இருக்கை உண்டு என்னும் இந்த எளிய விதி, நம் நாட்டில் எளிதில் வேரூன்றவில்லை. 1856ஆம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் இரயில் வண்டி சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. பல சாதியினரும் ஒரே வண்டியில் பயணம் செய்யலாயினர். ஆயினும், வண்டியை விட்டு இறங்கி நிலையத்து உணவுச்சாலைக்குள் நுழைந்தால், பிராமணருக்கு ஓரிடம், ஏனையோருக்கு வேறிடம் என்னும் பிரிவு காத்திருந்தது. நகரங்களில் பெருகிய காப்பி கிளப்புகளிலும் இதுவே நிலை. தாழ்த்தப்பட்டோருக்கோ, பல விடுதிகளின் வாயிலே அடைபட்டிருந்தது. காசின் மதிப்பு எல்லார் கையிலும் ஒன்றே. அக்காசுக்குக் கிடைத்த இடம்தான் ஆளுக்கு ஆள் மாறியது. இக்கொடுமையைப் பெரியார் ஈ. வெ. இராமசாமி முதலியோர் வன்மையாகக் கண்டித்தனர். இரயில் நிலைய உணவுச்சாலைகளில் இருந்த பிரிவினை 1941ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

பயணத்தில் இடம் மறுக்கப்படுவதன் துயரத்தை அறிஞர் அம்பேத்கர் தம் வாழ்விலேயே கண்டவர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உயர்கல்வி கற்றுத் திரும்பிய அவர், பரோடா அரசில் பணியேற்கச் சென்றார். அந்நகரில் அவருக்கு இடம் தர எந்த விடுதியும் இல்லை. பார்சி இனத்தாருக்கு மட்டுமே உரிய விடுதி ஒன்றில், தம் பெயரை மாற்றிக் கூறித் தங்கினார். சில நாளில் செய்தி வெளிப்பட்டது. தடி ஏந்திய கூட்டம் ஒன்று அவரைச் சூழ்ந்துகொண்டு வெளியேறுமாறு மிரட்டியது. மேலைநாட்டில் வாழ்ந்த ஆண்டுகளில் தாம் தீண்டப்படாதவர் என்னும் எண்ணமே தமக்கு அற்றுப்போயிருந்தது என்று அவர் பின்னாளில் எழுதினார். சொந்த நாட்டு விடுதியே அதனை அவருக்கு நினைவூட்டியது!

அவரே பின்னர் இந்திய அரசியலமைப்பின் வரைவுக் குழுவுக்குத் தலைவரானார். 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் 15ஆம் பிரிவு, சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டிக் கடைகளிலும், பொது உணவகங்களிலும், விடுதிகளிலும் எவரையும் தடுத்தல் கூடாது என விதிக்கிறது. ஒரு நாட்டின் தலையாய சட்டத்தில் உணவகமும் இடம்பெற்றது ஏன் என்பதை, அதற்கு முந்திய வரலாற்றை அறிந்தோர் நன்கு உணர்வர்.

இப்போராட்டம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கிரீன்சுபரோ நகரில், அங்காடி ஒன்றின் சிற்றுண்டி மேடையில் வெள்ளையர் மட்டுமே அமரலாம் என்னும் விதி இருந்தது. 1960ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், கருப்பினக் கல்லூரி மாணவர் நால்வர் அங்கே அமர்ந்து காப்பி கேட்டனர். காப்பி மறுக்கப்பட்டது. அவர்கள் சினந்து பேசவில்லை. எழுந்து செல்லவும் இல்லை. கடை மூடும்வரை அமைதியாக அமர்ந்திருந்து, மறுநாள் மேலும் பலரோடு வந்தனர். ஏறத்தாழ ஆறு திங்கள் கழித்து, அம்மேடை எல்லார்க்கும் பொதுவாயிற்று. அக்கட்டடம் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

சட்டம் வாயிலைத் திறந்துவிட்டது. உள்ளே இருப்போரின் மனமும் திறத்தல் வேண்டும். சில சிற்றூர்களின் தேநீர்க் கடைகளில், ஒரு சாராருக்கு வேறு குவளை தரும் இழிவழக்கம் அண்மைக்காலத்திலும் காணப்பட்டதுண்டு. உள்ளூர்க் கடையிலாயினும் வெளியூர் விடுதியிலாயினும், அருகில் வந்து அமர்பவர் யார் என்று வினவாது, சற்றே நகர்ந்து இடம் தருதல் நம் கடமை. இன்று நாம் இயல்பாக அமரும் இருக்கைக்காக, பசியோடு வாயிலில் நின்றவர் பலர் என்பதை மறத்தல் ஆகாது.