கண்ணும் வாயும் சேர்ந்து வறண்டால்...



"கண்ணுல மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதுக்கா, வாயி ஒட்டிக்கிடுது." சங்கரன்கோவில் பகுதிக் குழுக் கூட்டங்களில் இந்தப் பேச்சு வந்தால், உடனே நாலு பேர் "எல்லாம் உடம்புச் சூடு, எண்ணெய் தேச்சுக் குளி" என்பார்கள். விசைத்தறிக்குப் போகிறவர் என்றால் பஞ்சுத்தூசி மேல் பழி விழும். நம்ம ஊர் வெயிலும் தூசியும் கண்ணை உறுத்தத்தான் செய்யும். ஆனால் கண்ணும் வாயும் சேர்ந்து, மூணு மாசத்துக்கு மேல் தினமும் வறண்டு கிடந்தால் அது ஷோகிரன் நோயாக இருக்கலாம்.

ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933-ல் இதை விரிவாக எழுதியதால் அவர் பெயரே நின்றுவிட்டது. கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் கண்ணீரும் எச்சிலும் சுரக்கும் சுரப்பிகளையே தாக்குகிறது. இது ஒட்டுவாரொட்டி அல்ல. நோய் வந்த 10 பேரில் 9 பேர் பெண்கள்; பெரும்பாலும் 40 வயதுக்கு மேல். மாதவிடாய் நிற்கும் சமயமும் அதுதான் என்பதால், "இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்" என்று நாமே ஒதுக்கிவிடுகிறோம்.

கண் உறுத்தலைக் கண் டாக்டரிடம் சொல்கிறோம், சொத்தைப் பல்லைப் பல் டாக்டரிடம் காட்டுகிறோம், மூட்டு வலியையும் அசதியையும் யாரிடமும் சொல்வதில்லை. எல்லாவற்றையும் ஒரே டாக்டரிடம் சேர்த்துச் சொன்னால்தான் அவருக்குச் சந்தேகம் வரும். "தண்ணி குடிக்காம முறுக்கு இறங்க மாட்டேங்குது" என்பதையும் சொல்லுங்கள். சர்க்கரை நோயும் சில அலர்ஜி மாத்திரைகளும்கூட வாயை வறள வைக்கும். அதனால் சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

சோதனைக்குப் பயப்பட வேண்டாம். கீழ் இமையில் சின்னக் காகிதத் துண்டைச் செருகி 5 நிமிடம் வைப்பார்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் நனையாவிட்டால் கண்ணீர் குறைவு என்று அர்த்தம். பிறகு ரத்தப் பரிசோதனை; சிலருக்கு உள் உதட்டில் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

முழுசாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தும் மாத்திரைகளும் நன்றாகவே உதவும். மருந்துக் கடையில் நீங்களாகச் சொட்டு மருந்து கேட்டு வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்ததை மாசக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் கூடிப் பார்வையே போகலாம். எச்சில் குறைந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். ஃப்ளோரைடு பற்பசையில் இருவேளை தேயுங்கள், இனிப்புக் காபியைக் குறையுங்கள், புகையிலை வேண்டவே வேண்டாம்.

காது ஓரத்திலோ கழுத்திலோ வீக்கம் வந்து வற்றாமல் நின்றால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். இந்த நோய் உள்ள பெண் கர்ப்பமானால், முதல் பரிசோதனையிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பை இது பாதிக்கும். முன்கூட்டியே தெரிந்தால் ஸ்கேன் பார்த்துக் கவனித்துக்கொள்வார்கள்.