சதுரங்கப் பலகையில் நிறைந்த எண்

முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் சதுரங்கக் கதை நமக்கெல்லாம் தெரியும். கேரளத்தின் அம்பலப்புழைக் கோயில் கதையில் அது பால்பாயசத்தில் போய் முடியும். 64 கட்டங்களும் நிறைந்தால் மொத்தம் 1,84,46,74,40,73,70,95,51,615 மணிகள். பரிசு கொடுக்க வேண்டிய அரசர் வாயடைத்துப் போனதோடு கதைசொல்லிகள் எழுந்துவிடுகிறார்கள். எண்ணைப் பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

நம்பிக்கை: மொத்தம் 2-இன் 64-ஆம் அடுக்கு.

உண்மை: அதற்கு ஒரு மணி குறைவு. 1, 2, 4 மூன்றையும் கூட்டினால் 7. அடுத்த கட்டத்தில் 8. பலகை முழுக்க இதே கணக்குதான். அந்த ஒரு மணி போனால் போகட்டும் என்று விட முடியாது. 2-இன் அடுக்கில் 2-ஐத் தவிர வேறு பகா எண்ணே கிடையாது. ஒன்றைக் கழித்ததும் 2 வெளியேறி, ஏழு வெவ்வேறு பகா எண்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

நம்பிக்கை: இருபது இலக்க எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கக் கணினி இல்லாமல் முடியாது.

உண்மை: எல்லா எண்ணும் இப்படி வளைந்து கொடுக்காது, ஆனால் இதற்குப் பள்ளியில் படித்த முற்றொருமை ஒன்றே போதும். இரு வர்க்கங்களின் வித்தியாசம், அவற்றின் மூலங்களின் கூடுதலை வித்தியாசத்தால் பெருக்கியதற்குச் சமம். இதைத் திரும்பத் திரும்பப் போட்டால் 3, 5, 17, 257, 65,537, 4,29,49,67,297 என்ற ஆறு எண்களின் பெருக்கலாக நம் எண் உடைந்துவிடும்.

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தான், இந்த வரிசை முழுவதுமே அப்படித்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் கணித அறிஞர் ஆய்லர் அந்த ஆறாவது எண்ணை 641 × 67,00,417 என்று உடைத்துக் காட்டினார். அதைப் பகுக்கும் பகா எண் எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும் என்று பின்னாளில் அவரே நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகும். ஐந்தாவது வகுத்தலிலேயே விடை! ஃபெர்மாவின் கண்ணுக்கு 641 தப்பியது வியப்புதான். 3, 5, 17 என்று போகும் ஃபெர்மாவின் வரிசையில் ஆறாவது பகா எண் இன்றுவரை யாருக்கும் சிக்கவில்லை.

ஏழு பகாக் காரணிகளில் எதுவும் இரண்டு முறை வருவதில்லை. ஆகவே 1-ஐயும் தன்னையும் சேர்த்து இந்த எண்ணுக்கு 128 வகுத்திகள்.

நம்பிக்கை: காசிக் கோயிலில் பூசாரிகள் 64 தங்கத் தட்டுகளை நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள், முடிந்ததும் உலகம் அழியும் என்பது நம் பழைய புராணம்.

உண்மை: 1883-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எதுவார் லூக்கா வெளியிட்ட ‘ஹனோய் கோபுரம்’ என்ற புதிரோடு சேர்ந்து பரவிய கதை அது. கணக்கு மட்டும் அசல்: மூன்று கம்பங்களுக்குள், ஒரு தடவைக்கு ஒரு தட்டாக, சிறியதன் மேல் பெரியதை வைக்காமல் 64 தட்டுகளையும் ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, குறைந்தது நம் நெல்மணிகளின் அதே எண்ணிக்கை தடவை நகர்த்த வேண்டும். நொடிக்கு ஒன்று என்று ஓயாமல் நகர்த்தினாலும் சுமார் 58,000 கோடி ஆண்டுகள் ஆகும்.