கேட்டது கிடைக்கவில்லையா?

நம் வீடுகளில் துஆவுக்குக் குறைவே இல்லை. பிள்ளை பரீட்சைக்குப் போகிறான் என்றால் துஆ. குமருக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம் என்றால் துஆ. சபரில் இருப்பவரின் வேலைக்கு இடைஞ்சல் என்றால் துஆ. அல்ஹம்து லில்லாஹ், இது நல்ல பழக்கம்தான்.

ஆனால் குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. நாற்பது நாள் ஒரு வக்து தவறாமல் தொழுது, அழுது கேட்பார்கள். கேட்ட காரியம் நடந்துவிட்டால் முஸல்லா மடிக்கப்பட்டு மூலைக்குப் போய்விடும். நடக்காவிட்டாலும் அதற்கு அதே கதிதான். "எவ்வளவோ கேட்டுப் பார்த்துவிட்டோம் ஹஜ்ரத், ஒன்றும் நடக்கவில்லை. அல்லாஹ் எங்களை மறந்துவிட்டான் போலும்" என்று சொல்வோரும் உண்டு.

இது சாதாரண வார்த்தையா? தன் இறைவன் மறப்பவன் அல்லன் என்று மர்யம் அத்தியாயம் 64ஆம் வசனம் அறிவிக்கிறதே! கடன் தீராமல் இருப்பது துன்பம்தான். பிள்ளையின் நோய் ஆறாமல் இருப்பது துன்பம்தான். ஆனால் அந்தத் துன்பத்தால் தொழுகையும் போய், அல்லாஹ்வின் மீதிருந்த நல்லெண்ணமும் போய்விட்டால், அதைவிடப் பெரிய நஷ்டம் வேறென்ன இருக்கிறது? எனவே இந்த விஷயத்தை நாம் சற்று நிதானமாகப் படித்துக்கொள்வது அவசியம்.

பதில் இரு பக்கமும் உண்டு

துஆவைப் பற்றிப் பேசும் புகழ்பெற்ற வசனம் பகரா அத்தியாயத்தின் 186ஆம் வசனமாகும். அடியார்கள் தன்னைப் பற்றிக் கேட்டால் தான் சமீபத்திலேயே இருப்பதாகவும், அழைப்பவனின் அழைப்புக்குப் பதில் தருவதாகவும் அல்லாஹ் அதில் கூறுகிறான். அதே வசனத்தின் பிற்பகுதியை நாம் கவனிப்பதில்லை. அவர்களும் எனக்குப் பதில் தரட்டும், என்னை நம்பட்டும் என்ற கருத்து அங்கே தொடர்கிறது. அதாவது, நாம் அவனை அழைக்கிறோம்; அவன் நம்மை அழைக்கிறான். ஐந்து வேளையும் பாங்கு சொல்லப்படுகிறதே, அது யாருடைய அழைப்பு? அவன் அழைப்புக்குச் செவி சாய்க்காமல், நம் அழைப்புக்கு மட்டும் உடனே பதில் வேண்டும் என்று நிற்பது எவ்வகையில் நியாயம்?

இந்த வசனம் அமைந்துள்ள இடமும் சிந்திக்கத்தக்கது. 183 முதல் 187 வரை நோன்பின் சட்டங்கள். அந்தச் சட்டங்களின் நடுவில்தான் துஆவைப் பற்றிய இச்செய்தி வருகிறது. வணக்கமும் வேண்டுதலும் தனித்தனிச் சரக்குகள் அல்ல என்பதற்கு இதுவே போதும். தொழுகையைப் பாருங்கள். ஒரு நாளின் பர்ளான தொழுகைகளில் மட்டும் 17 ரக்அத்துகள் இருக்கின்றன. அவற்றில் ஓதப்படும் ஃபாத்திஹாவே ஒரு துஆதான். அதில் நேர்வழி கேட்கும்போது எனக்கு என்று கேட்பதில்லை, எங்களுக்கு என்றே கேட்கிறோம். தனியறையில் தொழுதாலும் அப்படித்தான். ஒரு அடியான் தன் ரப்புக்கு மிக நெருக்கமாக இருப்பது ஸுஜூதில்தான். ஆகவே அதில் அதிகமாகக் கேளுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியது முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

அவசரம் என்னும் நோய்

உங்களில் ஒருவர் அவசரப்படாத வரை அவரது துஆ ஏற்கப்படும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். கேட்டேன், எனக்குப் பதில் கிடைக்கவில்லை என்று சொல்வதே அந்த அவசரம் என்றும் விளக்கினார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நம் வீடுகளில் புழங்கும் வார்த்தைதான் இங்கே எச்சரிக்கையாக வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் பதில் எப்படி வரும்? அபூஸயீதுல் குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிப்பதை இமாம் அஹ்மத் பதிவு செய்துள்ளார்கள். பாவமோ உறவை முறிப்பதோ கலவாத துஆவுக்கு மூன்றில் ஒன்று உண்டு. கேட்டதே விரைவில் கிடைக்கும். அல்லது மறுமைக்கென்று சேமித்து வைக்கப்படும். அல்லது அதற்கு ஈடான ஒரு தீங்கு விலக்கப்படும். இதைக் கேட்ட ஸஹாபாக்கள் மனம் தளரவில்லை. அப்படியானால் நாங்கள் இன்னும் அதிகமாகக் கேட்போம் என்றார்கள். அல்லாஹ்விடம் இருப்பதோ அதனினும் அதிகம் என்பதே நாயகம் (ஸல்) அவர்களின் மறுமொழி.

நபிமார்களின் வாழ்விலும் இதைக் காணலாம். இப்ராஹீம் (அலை) அவர்கள் கஃபாவின் அடித்தளத்தை உயர்த்தும்போது, தம் சந்ததியில் ஒரு தூதரை எழுப்பும்படி வேண்டினார்கள். அவர்கள் மறைந்து எத்தனையோ தலைமுறைகள் கழிந்த பிறகே முஹம்மது (ஸல்) அவர்கள் தோன்றினார்கள். நூஹ் (அலை) அவர்கள் வெள்ளத்தில் மூழ்கிய தம் மகனுக்காக மன்றாடினார்கள், கேட்டபடி நடக்கவில்லை. அதற்காக அவர்கள் தம் ரப்பை விட்டு விலகினார்களா? தமக்கு அறிவில்லாததைக் கேட்டதற்காக அவனிடமே பாதுகாப்புத் தேடினார்கள் என்று ஹூது அத்தியாயம் கூறுகிறது. ஜகரிய்யா (அலை) அவர்களோ எலும்பு தளர்ந்து, தலை நரைத்து, மனைவி மலடியாக இருந்த நிலையில் பிள்ளை கேட்டார்கள். அப்போதும், உன்னிடம் கேட்டு நான் ஒருபோதும் ஏமாந்ததில்லை என்ற கருத்தில் பேசினார்கள். நரை விழும் வரை காத்திருந்தவர் பேசும் பேச்சு இது! நமக்கோ நாற்பது நாள் பொறுமையில்லை.

கையேந்தும் கை உழைக்கவும் வேண்டும்

துஆ கேட்டுவிட்டோம், இனி அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று திண்ணையில் சாய்ந்துகொள்வது தவக்குல் ஆகாது. ஹிஜ்ரி 2இல் (கி.பி. 624) பத்ருக் களத்தில் 310க்குச் சற்று அதிகமான முஸ்லிம்கள், ஏறத்தாழ ஆயிரம் பேரை எதிர்கொண்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் களத்தில் தோழர்களை அணிவகுத்து நிறுத்தினார்கள். கிப்லாவை முன்னோக்கிக் கைகளை உயர்த்தி, தோளிலிருந்து போர்வை நழுவி விழும் அளவுக்கு மன்றாடினார்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் அதை எடுத்துப் போர்த்தினார்கள். அணிவகுப்பும் நடந்தது, அழுகையும் நடந்தது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று விடப்படவில்லை.

மூஸா (அலை) அவர்கள் மிஸ்ரிலிருந்து உயிருக்கு அஞ்சி வெளியேறி மத்யன் வந்தார்கள். வீடில்லை, வேலையில்லை, அறிந்தவர் இல்லை. அந்நிலையிலும் ஒதுங்கி நின்ற இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். பிறகுதான் நிழலில் ஒதுங்கி, நீ எந்த நன்மையை இறக்கினாலும் அதற்கு நான் தேவையுள்ளவன் என்ற பொருளில் வேண்டினார்கள். இன்னது வேண்டும் என்று பட்டியல் போடவில்லை. ஆனால் கிடைத்தது என்ன? தங்க இடம், எட்டு அல்லது பத்து வருட வேலை, நல்ல குடும்பத்தில் திருமணம்!

நாயகம் (ஸல்) அவர்கள் அடிக்கடி ஓதிய ஒரு துஆவை அவர்களின் பணிவிடையாளர் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடன்சுமை, மனிதர்களின் அடக்குமுறை ஆகிய எட்டிலிருந்தும் அதில் பாதுகாப்புத் தேடப்படுகிறது. கடனோடு சோம்பலும் ஒரே துஆவில் வந்திருக்கிறது. சுப்ஹுக்குப் பின் மீண்டும் படுத்துத் தூங்கிவிட்டு, பத்து மணிக்குக் கடை திறப்பவர் கடன் தீர இந்த துஆவை ஓதினால், தாம் எதைக் கேட்கிறோம் என்று யோசிக்க வேண்டாமா?

வழியை அடைப்பது எது?

பிரயாணியின் துஆ ஏற்கப்படும் துஆக்களில் ஒன்று. ஆயினும் நெடும் பயணத்தில் தலைகலைந்து, புழுதி படிந்து, வானத்தை நோக்கிக் கையேந்தும் ஒரு மனிதரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள். அவர் உண்பது ஹராம், பருகுவது ஹராம், உடுப்பது ஹராம்; பிறகு அவருக்கு எப்படிப் பதில் கிடைக்கும் என்று கேட்டார்கள். இது முஸ்லிமில் உள்ள ஹதீஸ்.

ஹராம் என்றதும் மதுவையும் பன்றி இறைச்சியையும் நினைத்து நாம் நிம்மதி அடைகிறோம். வட்டிப் பணம் எதில் சேர்த்தி? பெண் வீட்டாரை நெருக்கி வாங்கிய கைக்கூலி எதில் சேர்த்தி? தகப்பனார் மவுத்தாகி இருபது வருடமாகியும் சகோதரிக்குச் சேர வேண்டிய பாகத்தைக் கொடுக்காமல் ஆண்டுகொண்டிருக்கும் தோட்டம் எதில் சேர்த்தி? முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது, அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கு அஞ்சும்படி நாயகம் (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். அதற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்றும் சொன்னார்கள். தமையன் பள்ளிவாசலில் கையேந்துகிறார். தங்கை அடுக்களையில் கண்ணீர் விடுகிறாள். எந்த துஆ முந்தும் என்பதை அவரவர் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்குள் துஆ

நம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வேலைக் களைப்பில் பிள்ளையைப் பார்த்து "நாசமாய்ப் போ" என்று வாய் தவறிச் சொல்லிவிடுகிறோம். உங்களுக்கோ, உங்கள் பிள்ளைகளுக்கோ, பொருள்களுக்கோ கேடு வேண்டாதீர்கள்; துஆ ஏற்கப்படும் நேரமாக அது அமைந்துவிடக்கூடும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பிள்ளைக்காகப் பெற்றோர் கேட்பது ஏற்கப்படும் துஆ அல்லவா? அந்தக் கூரிய ஆயுதத்தைக் கோபத்தில் வீசலாமா? கோபம் வரும்போதும் "அல்லாஹ் உன்னை ஸாலிஹாக்குவானாக" என்று சொல்லிப் பழகுங்கள். தகப்பன்மார்களுக்கும் இதே பாடம்தான்.

தொழுகை இல்லாத நாட்களில் துஆவும் இல்லை என்று சில பெண்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியன்று. அந்நாட்களில் தொழுகை இல்லை என்பதால் துஆவும் இல்லை என்று ஆகாது. திக்ரும் ஸலவாத்தும் துஆவும் தாராளமாகச் செய்யலாம். அரபி தெரியவில்லையே என்ற தயக்கமும் வேண்டாம். தொழுகைக்கு வெளியே நம் தாய்மொழியில், நம் வார்த்தையில் கேட்கலாம். நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த துஆக்களைப் பொருளோடு படித்துக்கொள்வது சிறப்பு. அது வரும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கேட்கும் ஒழுங்கு எளியது. முதலில் அல்லாஹ்வைப் புகழ வேண்டும், பிறகு ஸலவாத்து, அதன்பின் தேவை. இதைச் செய்யாமல் கேட்டவரை, இவர் அவசரப்பட்டுவிட்டார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னார்கள். பாங்குக்கும் இகாமத்துக்கும் இடைப்பட்ட நேரம், இரவின் கடைசிப் பகுதி ஆகியவை சிறந்த சமயங்கள். நமக்குக் கேட்கும்போது அண்டை வீட்டாருக்கும் சேர்த்துக் கேட்போம். ஒருவர் இல்லாத இடத்தில் அவருக்காகத் துஆ செய்தால், உமக்கும் அதுபோன்று கிடைக்கட்டும் என மலக்கு ஆமீன் சொல்வதாக ஹதீஸ் இருக்கிறது.

எனவே சகோதர சகோதரிகளே! தொழுகை, வேலை முடிந்ததும் எறிந்துவிடும் விண்ணப்பத் தாள் அல்ல. கேட்டது கிடைத்தால் நன்றிக்காகத் தொழுவோம். தாமதமானால் பொறுமையோடு தொழுவோம். பொறுமையைக் கொண்டும் தொழுகையைக் கொண்டும் உதவி தேடும்படியே திருமறை நம்மை ஏவுகிறது. இன்றைக்குக் கிடைக்காத ஒன்றுக்காக, என்றைக்கும் நம்மைக் கைவிடாதவனின் வாசலை விட்டு எழுந்து போய்விட வேண்டாம்.

வல்ல நாயன் நம் உணவை ஹலாலாக்கி, நம் நாவைத் தூய்மையாக்கி, நம் துஆக்களை ஏற்று, கடைசி மூச்சு வரை தொழுகையில் நிலைத்திருக்கும் நற்பாக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.