யார் சான்று?

நுழையும்முன்

அன்பு மொழி கூறி இளம்பெண்ணின் நலத்தை நுகர்ந்துவிட்டுக் கைவிடுவதும், பிழைக்க வழி காட்டுவதாக அழைத்துச் சென்று அவள் வாழ்வைச் சிதைப்பதும் காலந்தோறும் நிகழ்ந்துவரும் கொடுமைகள். இவை பெரும்பாலும் தனிமையில் நிகழ்பவை. ஆதலால், ‘கண்டவர் யார்?’ என்னும் வினா பாதிக்கப்பட்டவளையே துரத்துகிறது. அவ்வினாவைத் தமிழ்க் கவிஞர்கள் எதிர்கொண்ட வகையை மூன்று பாடல்களின் வழியே காண்போம்.

பேசாத சான்று

குறுந்தொகையின் 25ஆம் பாடல் கபிலர் இயற்றியது. களவில் கூடிய தலைவன் மணம் செய்துகொள்ளாது காலம் தாழ்த்துகிறான். கலங்கிய தலைவி தோழியிடம் பேசுகிறாள். அவர்கள் கூடிய பொழுதில் அங்கு வேறு எவரும் இல்லை. ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்நோக்கி நின்ற குருகு ஒன்றே இருந்தது. அவன் தன் சொல்லை மறுத்தால் அவள் யாரை அழைப்பாள்? குருகின் கருத்தோ இரையின்மேல். கண்டிருப்பினும் அதற்குச் சொல்லும் வாய் இல்லை. தலைவன் இன்னும் பொய்க்கவில்லை. பொய்த்தால் தனக்குக் காப்பில்லை என்பதே அவள் துயரம்.

பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்கிறது தொல்காப்பியக் கற்பியல். பலரறிய நிகழும் மணம், ஊரையே பெண்ணுக்குச் சான்றாக்குகிறது. தலைவி வேண்டுவதும் அதுவே.

பேசிய சான்று

அகநானூற்றின் 256ஆம் பாடலில் அவ்வச்சம் உண்மையாகிறது. மதுரைத் தமிழக்கூத்தன் கடுவன் மள்ளனார் பாடிய இம்மருதப் பாட்டில், பரத்தையொடு வையைப் புனலாடி வந்த தலைவனுக்குத் தோழி கள்ளூர் நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டுகிறாள். அவ்வூரில் இளம்பெண் ஒருத்தியின் நலத்தைக் கவர்ந்தவன், அவளை அறியவே அறியேன் என்று பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் அச்சூளோடு அமையவில்லை. அறிந்த சான்றினரை வினவி உண்மை தெளிந்தனர். அவனை மரக்கிளையில் இறுகப் பிணித்துத் தலையில் நீற்றைப் பெய்தனர். அவை ஆர்த்தது. பெண்ணின் இழப்பை ஊரே தன் வழக்காக ஏற்றதால் பொய் தோற்றது.

சான்றில்லாத் தீவு

பாரதியார் பாடிய ‘கரும்புத் தோட்டத்திலே’ பிஜித் தீவின் துயரைச் சொல்கிறது. 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்னும் விகிதத்தில் ஆள் சேர்க்கப்பட்டது. ஆசை வார்த்தையால் கப்பலேற்றப்பட்டோர் பலர். தோட்டத்து மேற்பார்வையாளர்களின் கொடுமைக்கு ஆளான பெண்களும் பலர். அவர்களுக்குக் கள்ளூர் அவை இல்லை. எனவே கவிஞர் காற்றை அழைக்கிறார். அவர்கள் விம்மியழுத குரலைக் கேட்ட காற்று, அதை மீண்டும் உரைக்காதோ என ஏங்குகிறார். பேசாத காற்றுக்காகக் கவிதையே பேசுகிறது.

1915இல் சி. எஃப். ஆன்ட்ரூசும் டபிள்யூ. டபிள்யூ. பியர்சனும் பிஜிக்குச் சென்று, கண்டவற்றை அறிக்கையாக வெளியிட்டனர். நாட்டில் எழுந்த எதிர்ப்பால் ஆளேற்றுதல் நின்றது. எஞ்சிய ஒப்பந்தங்களும் 1920இல் நீக்கப்பட்டன.

ஒப்புநோக்கு

குருகு, அவை, காற்று என மூன்று பாடல்களிலும் சான்று மாறுகிறது. கள்ளூரில் கரும்பு செழித்த தோட்டங்கள் இருந்தன என்கிறது அகப்பாடல். பிஜியிலும் கரும்பே விளைந்தது. வேறுபாடு மண்ணில் இல்லை; கேட்கவும் சொல்லவும் மனிதர் முன்வந்தனரா என்பதில் உள்ளது.

மற்றொன்றும் கருதத்தக்கது. முதற்பாட்டில் மட்டுமே பெண் தன் வாயால் பேசுகிறாள். கள்ளூர்ப் பெண்ணுக்கு நீதி கிடைத்தது. அவள் சொல் நமக்குக் கிடைக்கவில்லை. பிஜிப் பெண்களின் அழுகையை மட்டுமே கேட்கிறோம். பாதிக்கப்பட்டவள் அஞ்சாது பேசவும், அச்சொல்லை மதித்து ஆராயவும் இடமிருக்கும் சமூகமே நீதியுடைய சமூகம்.

கற்பவை கற்றபின்

1. கபிலரின் குருகையும் பாரதியாரின் காற்றையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
2. கள்ளூர் அவையில் அப்பெண் பேசியிருந்தால் என்ன கூறியிருப்பாள்? அவள் கூற்றாக எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.